பெயில், ஜாமீன், பிணை

கைதான ஒருவரை, அழைத்தபோது நீதிமன்றத்துக்கு வருவார் என்ற உறுதியின் பேரில் வெளியே விடுவதை ஆங்கிலத்தில் 'பெயில்' என்கிறார்கள். உருது பேசுவோருக்கு அது 'ஸமானத்'. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் 'ஜாமீன்'. பின்னிரண்டும் ஒரே அரபு வேரில் பிறந்தவை. ஆனால் அவற்றின் பொருள் ஒன்றல்ல.

பெயில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதன் வினைக்கு 'ஒப்படை' என்று பொருள். அதற்கும் முன்னே லத்தீனில் 'சுமை தூக்கு'. குற்றம் சாட்டப்பட்டவரைப் பொறுப்பேற்கும் ஒருவர் கையில் ஒப்படைப்பதே இச்சொல்லின் அடிக்கருத்து.

உருதுவிலும் அந்தப் பொறுப்பாளி மறையவில்லை. 'ஸாமின்' என்றால் பொறுப்பேற்கும் ஆள்; 'ஸமானத்' என்றால் அவர் தரும் உறுதி. பெயிலில் விடுதலையானவர் 'ஸமானத் பர் ரிஹா'. முன்ஜாமீனுக்குப் பாகிஸ்தான் நீதிமன்றங்களில் 'ஸமானத் கப்ல் அஸ் கிரிஃப்தாரி', அதாவது கைதுக்கு முந்தைய ஸமானத். எழுதிக் கொடுக்கும் பத்திரம் 'முச்சல்கா'. நம் பழைய ஆவணங்களில் வரும் முச்சலிக்கா அதுவேதான். தேர்தலில் கட்டும் டெபாசிட்டுக்கும் ஸமானத் என்றே பெயர். 'ஸமானத் ஸப்த்' என்று இந்திய உருது நாளிதழில் தலைப்பு வந்தால் யாருடைய பெயிலும் ரத்தாகவில்லை. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாத வேட்பாளர் கட்டிய பணத்தை இழந்திருக்கிறார்.

தமிழுக்கு வந்தது ஸாமின், அதாவது ஆளின் பெயர். "அவருக்கு நான் ஜாமீன்" என்று கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் சொல்லும்போது மூலப்பொருள் அப்படியே இருக்கிறது. 'ஜாமீன் கிடைத்தது' என்னும்போது அதுவே விடுதலையின் பெயராகிவிடுகிறது. பிறகு ஆளைக் குறிக்க 'ஜாமீன்தாரர்' என்று இன்னொரு சொல்லை உண்டாக்க வேண்டியதாயிற்று.

இந்தக் குழப்பம் எதற்கு? நம்மிடம் 'பிணை' இருக்கிறது. பிணைத்தல் என்றால் கட்டுதல், இணைத்தல். ஒருவருக்காகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது பிணை நிற்றல், நிற்பவர் பிணையாளி, எழுதித் தருவது பிணைப்பத்திரம், கைதுக்கு முன் பெறுவது முன்பிணை. ஒரே வேர் எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது. இலங்கைத் தமிழ் இதழ்கள் நெடுங்காலமாக இப்படித்தான் எழுதுகின்றன. 'இரண்டு சரீரப் பிணைகளில் விடுவிக்கப்பட்டார்' என்ற வரியைப் பாருங்கள்: பணம் கட்டியல்ல, இரண்டு பேர் பொறுப்பேற்று என்பது சட்டென்று விளங்குகிறது.

இது புதிதாக ஆக்கிய சொல்லும் அல்ல. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்று ஒரு பகுதி உண்டு. வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதாக வேண்டுகிறது. நபிகள் நாயகம் வேடனிடம் பிணை நிற்கிறார்; மான் சொன்னபடி வந்துசேர்கிறது. பெண்மானுக்கும் தமிழில் 'பிணை' என்றே பெயர் என்பதால், தலைப்பைப் படிக்கும்போதே மனம் நிறைந்துவிடுகிறது. இஸ்லாமிய மரபுக் கதையைப் பாடும்போதும் புலவருக்குத் தமிழ்ச்சொல்லே போதுமானதாக இருந்தது.

'பிணைக்கைதி' என்ற சொல்லோடு குழம்பாதா என்று கேட்பவர்கள் உண்டு. குழம்பாது. பிணைக்கைதி, ஒரு கோரிக்கைக்கு ஈடாகப் பிடித்து வைக்கப்பட்டவர். பிணையில் வந்தவர், ஒருவருடைய உறுதியை ஈடாக வைத்து வெளியே விடப்பட்டவர். 'பிணையில்' என்று ஏழாம் வேற்றுமை உருபோடு எழுதினால் ஐயத்துக்கே இடமில்லை.