குடும்பத்துக்கு 10, போன வாரத்துக்கு 3

"குறைன்னு எதுவும் இல்ல, ஆனா மனசு சரியில்ல" என்று சொல்லிக்கொண்டு ஆலோசனைக்கு வருபவர்கள் நிறையப் பேர். வேலை, வீடு, கடன் தவணை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருக்கும். இவர்களிடம் நான் கொடுப்பது, அமெரிக்க உளவியலாளர் கெல்லி வில்சனும் குழுவினரும் உருவாக்கிய ஒரு வினாத்தாள். குடும்பம், நட்பு, வேலை, படிப்பு, பொழுதுபோக்கு, ஆன்மிகம், உடல்நலம் என்று வாழ்க்கையின் 10 பகுதிகள் அதில் இருக்கும். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று 10க்கு மதிப்பெண் போட வேண்டும். அப்புறம், கடந்த ஒரு வாரம் அதற்கேற்ப எவ்வளவு நடந்துகொண்டீர்கள் என்று இன்னொரு மதிப்பெண்.

முதல் வரிசையில் குடும்பத்துக்கு 10 போட யாரும் யோசிப்பதில்லை. இரண்டாவதில் 3 போடும்போதுதான் பேனா தயங்கும். "அவங்களுக்காகத்தானே ஓடுறேன்" என்பார்கள். உண்மைதான். ஆனால் மகளை நல்ல கல்லூரியில் சேர்ப்பது ஒரு இலக்கு. இடம் கிடைத்ததும் அது முடிந்துவிடும். அவள் பேசும்போது காதுகொடுத்துக் கேட்கும் அப்பாவாக இருப்பது விழுமியம், அதாவது எப்படி வாழ வேண்டும் என்று நாம் மதிக்கும் ஒன்று. அதற்கு முடிவுத் தேதி கிடையாது, இன்று ராத்திரி சாப்பிடும்போதே தொடங்கலாம்.

நம் வீடுகளில் 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற பயமும் சேர்ந்துகொண்டு மதிப்பெண் போடுகிறது. அதனால் ஒன்று கேட்பேன்: யாருக்குமே தெரியப்போவதில்லை என்றாலும் இதைச் செய்வீர்களா? இதைக் கேட்டபிறகு எண்களை அடித்துத் திருத்துபவர்கள் உண்டு. பிள்ளைகள் வளர்ந்த பின் தன் படிப்புக்கு வெறும் 2 போட்டிருந்த அம்மா, அதை 8 ஆக்குவார். அந்தத் திருத்தத்தைத்தான் நான் நம்புகிறேன்.

இடைவெளி தெரிந்ததும் குற்றவுணர்ச்சி வரும். வேண்டாம். ஒரே வாரத்தில் பத்திலும் முழு மதிப்பெண் யாராலும் வாங்க முடியாது. உறுத்துகிற ஒன்றை மட்டும் எடுங்கள். பத்து நிமிஷத்தில் முடிகிற ஒரு செயல் போதும்: அக்காவுக்கு ஒரு போன், மொட்டை மாடியில் ஒரு நடை.

எதுவுமே முக்கியமாகத் தோன்றவில்லை, தூக்கமும் பசியும் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றால் இந்தப் பயிற்சியை ஓரமாக வையுங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.