ஊசி முனையில் ஒரு துளி கல்லீரல்: ஷீலா ஷெர்லாக்கின் ஆராய்ச்சி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தை அலைக்கழித்த நோய்களில் மஞ்சள் காமாலையும் ஒன்று. தொற்றாகப் பரவிய காமாலை ஒரு பக்கம். ரத்தமோ, ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரமோ ஏற்றிய சில வாரங்கள் கழித்து வந்த காமாலை இன்னொரு பக்கம். மேகநோய்க்கு ஆர்சனிக் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வந்த காமாலை மூன்றாவது. மூன்றும் ஒரே நோயா, வெவ்வேறா? பதில் கல்லீரலுக்குள் இருந்தது. ஆனால் உயிரோடு இருப்பவரின் கல்லீரலை யார் பார்த்தது?

இறந்தவரின் கல்லீரலைப் பார்த்துப் பயனில்லை. இறந்த சில மணி நேரத்திலேயே அதன் செல்கள் தம் நொதிகளாலேயே கரையத் தொடங்கும். நோய் செய்த சேதம் எது, மரணம் செய்த சேதம் எது என்று பிரிக்க முடியாது. பிழைத்துக்கொள்பவர்களே அதிகம் என்பதால் பிணப் பரிசோதனைக்கு வந்தவையும் சில மட்டுமே. இந்த இருட்டில் 19ஆம் நூற்றாண்டின் பெரும் நோய்க்குறியியலாளர் விர்ச்சோவின் கருத்தே நீண்ட காலம் செல்லுபடியானது: சளி போன்ற அடைப்பு பித்தநாளத்தின் வாயை மூடுகிறது, அதனால் பித்தம் ரத்தத்தில் ஏறுகிறது என்றார் அவர். கேட்க நியாயமாகவே இருக்கிறது. தவறான கருத்துகள் நெடுங்காலம் வாழ்வதற்கு அதுவே போதும்.

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்கு 1942இல் வந்த இளம் மருத்துவர் ஷீலா ஷெர்லாக். டப்ளினில் 1918இல் பிறந்தவர். எடின்பரோவில் 1941இல் முதலிடத்தில் தேறியும், பெண் என்பதால் அங்கே பயிற்சி மருத்துவர் பணி கிடைக்கவில்லை. ஹேமர்ஸ்மித்தில் மூத்த மருத்துவர் ஜான் மெக்மைக்கேல் அவர் கையில் ஓர் ஊசியைக் கொடுத்தார்.

கோபன்ஹேகனில் மருத்துவர்கள் இவெர்சனும் ரோஹோல்மும் 1939இல் விவரித்திருந்த உறிஞ்சு ஊசி முறை அது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, வலப்பக்க விலா எலும்புகளைத் தட்டிப் பார்த்து, ஓசை மந்தமாகும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். அங்கே மரத்துப்போகும் மருந்து போடுவார்கள். பிறகுதான் முக்கியமான கட்டளை: மூச்சை முழுதாக வெளியே விட்டு அப்படியே அடக்குங்கள். கல்லீரல் உதரவிதானத்தோடு ஒட்டியிருப்பதால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கும். ஊசி உள்ளே இருக்கும்போது அது நகர்ந்தால் கிழிந்துவிடும். மூச்சை விட்டால் நுரையீரலும் ஊசியின் பாதையிலிருந்து மேலே விலகிக்கொள்ளும். அந்த இடைவெளியில் ஊசி உள்ளே போய், உறிஞ்சி, வெளியே வரவேண்டும். கிடைப்பது ஓரிரு சென்டிமீட்டர் நீளமுள்ள, நூல் போன்ற திசு. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

ஆபத்து எங்கே என்றால், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வதே கல்லீரல்தான். எவருக்கு இந்தச் சோதனை மிகவும் தேவையோ, அவருக்கே ரத்தம் நிற்காமல் போகும் வாய்ப்பு அதிகம். அதனால் உறைதிறனை முன்கூட்டியே சோதிப்பதும், முடிந்தபின் நோயாளியை அசையாமல் படுக்கவைத்துக் கண்காணிப்பதும் கட்டாயமாயின.

நோய்க்குறியியலாளர் டிபிள், மெக்மைக்கேல், ஷெர்லாக் மூவரும் 1943இல் வெளியிட்ட ஆய்வு அந்த மூன்று காமாலைகளையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்தது. காட்சி ஒன்றுபோலவே இருந்தது. கல்லீரல் செல்களே அழிந்துகொண்டிருந்தன; விர்ச்சோவின் சளியடைப்புக்கு அங்கே வேலையில்லை. ஆர்சனிக் சிகிச்சையில் வந்த காமாலை பெரும்பாலும் மருந்தின் நஞ்சால் வந்ததல்ல, சரியாகச் சுத்தம் செய்யப்படாத ஊசிகளில் தங்கிய ரத்தத்தின் வழியே பரவியது என்ற முடிவும் அந்த ஆண்டுகளில்தான் உறுதிப்பட்டது. இன்று நாம் ஊசியைக் கண்டிப்பாக மாற்றச் சொல்வதன் பின்னே இத்தகைய கதைகள் உள்ளன.

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 1959இல் அவர் பேராசிரியரானார். பிரிட்டனில் பொது மருத்துவத் துறையில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவரே. என் பார்வையில் அவருடைய மிக அழகான பணி அங்கிருந்து 1965இல் வந்தது, ஊசியின் வேலையைக் குறைத்த பணி அது. நடுவயதுப் பெண்களுக்கு அரிப்பும் காமாலையும் சேர்ந்து வரும் ஒரு நோய் உண்டு. கல்லீரலுக்குள்ளிருக்கும் மிகச் சிறிய பித்தநாளங்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பித்தக்கல் அடைப்பு போலவே தெரியும்; ஆகவே வயிற்றைத் திறந்து, அங்கே எதுவும் இல்லை என்று கண்டு தைத்து மூடுவார்கள்.

டெபோரா டோனியாக் முதலிய நோயெதிர்ப்பியல் அறிஞர்களோடு சேர்ந்து ஷெர்லாக் குழு இந்த நோயாளிகளின் ரத்தச் சீரத்தைச் சோதித்தது. விலங்குத் திசுவின் மெல்லிய சீவல் மீது சீரத்தை விடவேண்டும். அதில் எதிர்பொருள் (எதிர்ப்பாற்றல் உண்டாக்கும், குறிப்பிட்ட இலக்கில் ஒட்டும் புரதம்) இருந்தால் செல்களின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டிக்கொள்ளும். மனித எதிர்பொருளைப் பற்றிக்கொள்ளும், ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு எதிர்பொருளை அதன்மேல் விட்டுக் கழுவினால், புற ஊதாக் கதிரில் அந்த இடங்கள் பச்சையாக மின்னும். இந்த நோயுள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மின்னுகிறது. கல் அடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் மின்னுவதில்லை. தேவையற்ற அறுவைகள் இதனால் தவிர்ந்தன. உடலெங்கும் உள்ள மைட்டோகாண்ட்ரியாவை எதிர்க்கும் எதிர்பொருள் பித்தநாளச் செல்களை மட்டும் தாக்குவது போலத் தோன்றுவது ஏன் என்பது ஆய்வாளர்களை இன்றும் வேலை வாங்கும் கேள்வி.

சங்கம் அமைப்பதிலும் அவர் சளைக்கவில்லை. கல்லீரல் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அவர். ஜெர்மனியின் மார்பர்க்கில் 1966இல் உருவான ஐரோப்பியச் சங்கத்திலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. இவை வெறும் பதவிகளாக இருக்கவில்லை. ஒரே திசுச் சீவலுக்கு லண்டனில் ஒரு பெயரும் பாரிஸில் வேறு பெயரும் இருந்தால் சிகிச்சை முடிவுகளை எப்படி ஒப்பிடுவது? அவர் 1955இல் தனியாகவே எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டு, உலகெங்கும் கல்லீரல் மருத்துவர்களின் மேசைகளில் இடம்பிடித்தது.

பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2001இல் அவரை உறுப்பினராக்கியது. தாமதம்தான். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் காலமானார். இப்போது எதிர்பொருள் சோதனையும் கல்லீரல் நொதி அளவுகளும் பொருந்தி வந்தால், அந்தப் பித்தநாள நோயை உறுதிசெய்யப் பலருக்கும் ஊசியே தேவைப்படுவதில்லை.