உம்மு அலி: சொல் விளக்கம்

எகிப்தின் இனிப்புகளுள் உலகெங்கும் பெயர் பெற்றது ‘உம்மு அலி’. மொறுமொறுப்பாகச் சுட்ட மெல்லிய ரொட்டியையோ அடுக்கு மாவுப் பண்டத்தையோ துண்டுகளாக உடைத்து மண்சட்டியில் இட்டு, பிஸ்தா, வாதுமை, உலர்திராட்சை, தேங்காய்த்துருவல் ஆகியவற்றைத் தூவி, சர்க்கரை கலந்த சூடான பாலை ஊற்றி, மேலே பாலாடையைப் பரப்பி, அடுப்பில் வைத்து மேற்புறம் பொன்னிறமாகும்வரை சுட்டெடுப்பார்கள். இதைச் சூடாகவே உண்பது வழக்கம். பெயருக்கு ‘அலியின் தாய்’ என்பதே பொருள். ஓர் உணவுக்கு ஏன் ஒருவருடைய தாயின் பெயர் வந்தது என்ற கேள்விக்குக் கெய்ரோவில் சொல்லப்படும் விடை, பதின்மூன்றாம் நூற்றாண்டின் அரண்மனைக் கொலைகளுக்கு நம்மை இட்டுச் செல்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். அரபு மொழியில் ‘உம்மு’ என்பது தாய். தமிழ் முஸ்லிம்கள் அன்னையை அழைக்கும் ‘உம்மா’ என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததே. தலைமகனின் பெயரோடு ‘அபூ’ (தந்தை), ‘உம்மு’ (தாய்) என்பவற்றைச் சேர்த்துப் பெற்றோரைக் குறிப்பது அரபு மரபு. இவ்வகைப் பெயரை ‘குன்யா’ என்பர். இயற்பெயரைச் சொல்லி அழைப்பதைவிடக் குன்யாவால் அழைப்பதே மதிப்புக்குரியதாகக் கருதப்பட்டது. ‘உம்மு’ மக்களோடு மட்டும் நிற்பதில்லை. மக்கா நகருக்கு ‘உம்முல் குரா’, அதாவது ஊர்களின் தாய், என்று பெயர். எகிப்தியர் தம் நாட்டை ‘உலகின் தாய்’ என்று பெருமையோடு சொல்வர். பூரான் அவர்கள் பேச்சில் ‘நாற்பத்து நான்கின் தாய்’ ஆகிறது. ‘அலி’ என்ற ஆண்பெயருக்கு உயர்ந்தவன் என்று பொருள். பழந்தமிழ் நூல்களில் ஆணும் பெண்ணும் அல்லாதவரைக் குறிக்க வரும் ‘அலி’ வேறு சொல். எழுத்தொற்றுமையைத் தவிர இரண்டுக்கும் தொடர்பில்லை.

இனிக் கதைக்கு வருவோம். பிரான்சின் மன்னர் ஒன்பதாம் லூயி 1249ஆம் ஆண்டு சிலுவைப்படையோடு வந்து எகிப்தின் தமியெத்தா துறைமுகத்தைக் கைப்பற்றியிருந்தார். அவ்வாண்டு நவம்பரில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, எகிப்தை ஆண்ட அய்யூபிய மரபின் சுல்தான் அஸ்ஸாலிஹ் அய்யூப் அல்மன்சூராவில் இறந்தார். அவருடைய மனைவி ஷஜருத் துர், அடிமையாக வந்து அரசியானவர், கணவரின் சாவை மறைத்து, சுல்தானின் பெயரிலேயே ஆணைகள் தொடர்ந்து வெளிவரும்படி செய்து, படையைக் கலையாமல் காத்தார். 1250ஆம் ஆண்டு லூயி சிறைப்பட்டார். பட்டத்துக்கு வந்த சுல்தானின் மகன் தூரான்ஷாவை மம்லூக் (அடிமைகளாக வாங்கிப் போர்வீரராகப் பழக்கப்பட்டோர்) படைத்தலைவர்கள் மே மாதத்தில் கொன்றுவிட்டு, ஷஜருத் துர்ரையே அரியணையில் அமர்த்தினர்.

சொல்லாராய்ச்சி செய்பவர் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. ‘முத்துமரம்’ என்று பொருள்படும் அழகிய பெயரைக் கொண்டிருந்தும், அரசி அந்தப் பெயரால் ஆளவில்லை. ஆணைகளில் ‘கலீலின் தாய்’ என்று கையொப்பமிட்டார். நாணயங்களிலும் அவர் ‘மன்னர் மன்சூர் கலீலின் தாய்’ என்றே குறிக்கப்பட்டார். கலீல், சுல்தானுக்கும் அவருக்கும் பிறந்து குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோன மகன். உயிரோடு இல்லாத பிள்ளையின் பெயர்தான் அரியணைக்கு அவருக்கிருந்த உரிமைச்சீட்டு. நாணயத்தில் பொறிக்கப்பட்ட சொல் ‘உம்மு’ அன்று, ‘வாலிதா’. ‘ஈன்றவள்’ என்ற பொருளை அழுத்திச் சொல்வது அது. குன்யா அன்போடு அழைக்கும் பெயராக மட்டும் இல்லாமல் அரசியல் பட்டமாகவும் விளங்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெண்ணின் ஆட்சியைப் பக்தாதின் கலீபா முஸ்தஃஸிம் ஏற்கவில்லை. ஏறத்தாழ எண்பது நாள்களுக்குப் பின் படைத்தலைவர் இஸ்ஸுத்தீன் ஐபக் சுல்தானாக, ஷஜருத் துர் அவரை மணந்துகொண்டார். ஐபக்குக்கு ஏற்கெனவே ஒரு மனைவியும் அலி என்ற மகனும் இருந்தனர். அந்த மனைவியை விலக்கும்படி ஷஜருத் துர் ஐபக்கை வற்புறுத்தினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அந்த முதல் மனைவியே நம் கதையின் உம்மு அலி. பின்னர், மோசுல் ஆட்சியாளரின் மகளையும் மணக்க ஐபக் ஏற்பாடு செய்ய, 1257 ஏப்ரலில் கெய்ரோக் கோட்டையின் குளியலறையில் ஆள்வைத்து அவரைக் கொல்லச் செய்தார் ஷஜருத் துர். ஐபக்கின் மம்லூக்குகள் சிறுவனான அலியை அரியணையேற்றினர். அதே மாத இறுதிக்குள், உம்மு அலியின் பணிப்பெண்கள் ஷஜருத் துர்ரைக் குளியலறையில் அணியும் பாதக்குறடுகளால் அடித்தே கொன்றனர். உடல் கோட்டைக்கு வெளியே எறியப்பட்டது.

இதுவரை சொன்னவை வரலாற்று நூல்களில் உள்ளவை. அதற்குமேல் ஒரு படி செல்கிறது மக்கள் கதை: எதிரியின் சாவைக் கொண்டாட உம்மு அலி தம் சமையற்காரர்களை அழைத்து இதுவரை யாரும் சுவைத்திராத இனிப்பொன்றைச் செய்யச் சொன்னாராம், ரொட்டி, பால், சர்க்கரை, பருப்புகள் சேர்ந்து உருவான அந்தப் பண்டத்தைப் பொற்காசுகளோடு நகர மக்களுக்குப் பங்கிட்டாராம். இந்தக் கடைசிப் பகுதியை வரலாறாகக் கொள்வதற்கில்லை. எகிப்தில் அலி என்பது மிகப் பரவலான பெயராகையால், உம்மு அலி என அழைக்கப்பட்ட பெண்களுக்கும் குறைவிருந்திருக்காது. கைப்பக்குவத்தால் பேர்பெற்ற ஏதோ ஒரு தெருவின் சமையற்காரியும் அந்தப் பெயருக்கு உரியவராக இருந்திருக்கலாம். வழிதவறி ஒரு சிற்றூருக்கு வந்த சுல்தானுக்கு உம்மு அலி என்ற ஏழைப்பெண் படைத்தது என்றும் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஓமாலி’ என்ற அயர்லாந்துச் செவிலி கொண்டுவந்தது என்ற கதையோ வெறும் ஒலியொப்புமையில் கட்டப்பட்டது. பழகிய அரபுப் பெயர் கண்முன் இருக்கையில் அயர்லாந்துவரை போகத் தேவையில்லை.

ரொட்டியை இனிப்பாக்கும் கலைக்கு 1257ஐவிட முந்திய வரலாறு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. பக்தாதில் 1226ஆம் ஆண்டு தொகுக்கப்பட்ட சமையல் நூலில் ‘ஜூதாப்’ என்ற வகை இருக்கிறது: சர்க்கரையும் பருப்பும் சேர்த்த ரொட்டியைத் தந்தூர் அடுப்பின் அடியில் வைத்து, மேலே தொங்கவிட்ட கோழி வாட்டப்படும்போது சொட்டும் கொழுப்பு அதில் ஊறும்படி செய்வார்கள். கரும்பு விளையும் எகிப்தில் சர்க்கரைக்கும் பஞ்சமில்லை. மம்லூக் காலக் கெய்ரோவின் இனிப்புக் கடைத்தெருவில் ரஜப் மாதத்தில் குதிரை, சிங்கம், பூனை வடிவச் சர்க்கரைப் பொம்மைகள் நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்ததை எகிப்திய வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி (1364–1442) எழுதிவைத்திருக்கிறார்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அலியின் தாய்’. வழக்குத் தமிழில் ‘அலி அம்மா’. ஊர்ப்புறங்களில் கணவன் பெயரைச் சொல்லாத மனைவி அவரை ‘முருகன் அப்பா’ என்பதும், அக்கம்பக்கத்தார் ஒரு பெண்ணைக் ‘கண்ணன் அம்மா’ என்பதும் குன்யாவுக்கு நேரான வழக்குகளே. இலக்கணத்திலும் இதற்கு இடமுண்டு: இயற்பெயரோடு தந்தை என்ற முறைப்பெயர் சேரும் புணர்ச்சிக்குத் தொல்காப்பியம் விதி கூறுகிறது, சாத்தன் தந்தை ‘சாத்தந்தை’ ஆவதும், ஆதன் தந்தை ‘ஆந்தை’ ஆவதும் அவ்விதிப்படியே. ஆகவே குன்யாவைத் தமிழில் ‘சேய்வழிப் பெயர்’ எனலாம் என்பது என் கருத்து.

பண்டத்தின் பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் விடுவதே நல்லது. ‘அலி அம்மா’ என்று உணவுப் பட்டியலில் எழுதினால் எவருக்கும் விளங்காது. எகிப்தியப் பேச்சொலியைப் பின்பற்றி ‘உம் அலி’ என்று எழுதுவோரும் உள்ளனர்; தமிழில் அது ‘உம்முடைய அலி’ என்று பொருள்படுவதால், எழுத்து அரபிலுள்ள உகர ஈற்றைக் காட்டுவதும் ‘உம்மு சலமா’ போன்ற பெயர்களால் தமிழுக்குப் பழகியதுமான ‘உம்மு அலி’ என்ற வடிவமே பொருத்தம். விளக்கம் தேவைப்படும் இடத்தில் ‘பாலில் ஊறவைத்துச் சுட்ட ரொட்டி இனிப்பு’ என்று அருகே ஒரு முறை சேர்த்தால் போதும்.