லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது எங்கே நிற்கிறீர்கள்?

கன்னடத்தில் காற்றுக்குக் காளி என்று பெயர். தர்மபுரியிலிருந்து பெங்களூர் யஷ்வந்த்பூர் பக்கம் டயர் கடை வேலைக்கு வந்த புதிதில், உள்ளூர் டிரைவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு "காளி, காளி" என்று கத்தும்போது எனக்குச் சிரிப்பு வரும். இந்தத் தொழிலில் 17 வருஷம் ஓட்டிய பிறகு, சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள் என்று படுகிறது.

கார் டயருக்கு 32, 33 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம். லாரிக்கு 110, 120. மூணு நாலு மடங்குதானே என்று விட்டுவிட முடியாது. பி.எஸ்.ஐ. என்பது ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் இருக்கும் அழுத்தம். 10.00-20 என்ற அளவு லாரி டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கணக்குப் போட்டாலே ஏறக்குறைய 1,000 சதுர அங்குலம் வரும். 100 பி.எஸ்.ஐ.யில் அது ஒரு லட்சம் பவுண்டு, அதாவது 45 டன். காற்று கசிகிறதா என்று டயர் மேல் குனிந்து காதை வைக்கிறோமே, அந்தக் காதுக்கு அந்தப் பக்கம் ஒரு முழு லோடு டிரெய்லரின் எடை முட்டிக்கொண்டு இருக்கிறது.

நான் வேலை கற்றுக்கொண்டது தும்கூர் ரோட்டில் ஒரு கடையில். ஒரு நாள் சாயங்காலம் நாமக்கல் லாரி ஒன்று வந்தது, டியூப் போட்ட டயர், லாக் ரிங் டிஸ்க். அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரத்தின் பள்ளத்தில் ஒரு இரும்பு வளையம் உட்கார்ந்து, டயர் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். பஞ்சர் ஒட்டி, டியூப், ஃப்ளாப் எல்லாம் வைத்து, சைடு ரிங் மாட்டி, லாக் ரிங்கைத் தட்டி உட்கார வைத்தார் எங்கள் மேஸ்திரி. நான் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதிக் காற்று ஏறியிருக்கும், ரிங்கின் ஒரு முனை அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. டிரைவருக்கு அவசரம், எங்களுக்கும் அவசரம். "ஒரு தட்டு தட்டினா உக்காந்துடும்" என்று அவர் சம்மட்டியை எடுத்தார். ஒரே தட்டுதான். அடுத்து எனக்குத் தெரிந்தது கூரை ஷீட்டில் ஒரு பொத்தலும், அதன் வழியாக வந்த வெளிச்சமும்தான். காது ரெண்டும் அடைத்துப் போச்சு. மேஸ்திரியின் வலது முன்கை ரெண்டு எலும்பும் உடைந்திருந்தது. அவர் டயரின் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததால் கையோடு போனது.

மறுநாள் பார்த்தால், அந்த ரிங் அந்த டிஸ்க்குடையதே இல்லை. கடைப் பின்னால் கிடந்த குவியலில் அளவு ஒத்துவந்ததை எடுத்து மாட்டியிருக்கிறோம். போதாக்குறைக்கு டிஸ்க்கின் பள்ளத்தில் துரு பொருக்குப் பொருக்காக உட்கார்ந்திருந்தது. பார்வைக்குப் பொருந்துகிற ரிங்கெல்லாம் பொருந்துகிற ரிங் ஆகாது. கம்பி பிரஷ் போட்டுப் பள்ளத்தைச் சுத்தம் பண்ண எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வளைந்த ரிங், விரிசல் விட்ட ரிங், வெல்டு வைத்த ரிங் எதுவாக இருந்தாலும் இரும்புக்கடைக்குத்தான். உள்ளே கொஞ்சமாவது காற்று இருக்கும்போது சம்மட்டியைத் தொடவே கூடாது. ரிங் கோணலாக இருந்தால் வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்கிவிட்டு முதலிலிருந்து மாட்டுங்கள்.

ரிங் பறக்காமல் இருக்க டிஸ்க் ஓட்டை வழியாகக் கடப்பாறையைச் சொருகி வைப்பது, சங்கிலி சுற்றுவது, ரிங் பக்கத்தைத் தரையில் கவிழ்த்துப் போட்டு அடிப்பது, இதெல்லாம் நம் ஆட்களின் பழக்கம். கடப்பாறையும் சேர்ந்து பறக்கும், கவிழ்த்துப் போட்டால் மொத்தச் சக்கரமும் எழும்பும். டயரை உள்ளே வைத்துக் காற்றடிக்கும் இரும்புக் கூண்டு ஒன்றுதான் வழி. அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்காதீர்கள், சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஹோஸ் 10 அடியாவது இருக்கட்டும், வால்வைத் தானே கவ்விக்கொள்ளும் கிளிப் நாசில் வேண்டும், கேஜும் நிறுத்துகிற வால்வும் உங்கள் கைப்பக்கம் இருக்க வேண்டும். கூண்டு இருந்தாலும் நிற்க வேண்டிய இடம் டயரின் பட்டன் பக்கம், அதாவது ரோட்டில் படுகிற பக்கம், டயர் உருளும் திசை. டிஸ்க்கும் ரிங்கும் தெரிகிற முகத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்க்கும் கிளீனர் தம்பி உட்பட.

"எங்களிடம் எல்லாம் டியூப்லெஸ் அண்ணே, ரிங்கே கிடையாது" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பயம். லாரிக்கு வரும் டியூப்லெஸ் பெரும்பாலும் ரேடியல் டயர், அதன் சைடுவாலுக்குள், அதாவது பக்கச் சுவருக்குள், ஸ்டீல் கம்பிகள் இருக்கின்றன. பின்னால் ஜோடி டயரில் ஒன்றுக்குக் காற்று இறங்கினால் பக்கத்து டயர் சுமையைத் தாங்கிக்கொள்ளும், டிரைவருக்குத் தெரியவே தெரியாது. அப்படியே நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். சைடுவால் மடங்கி மடங்கி உள்ளே கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும். அதில் காற்றை ஏற்றினால் பேண்ட் ஜிப் திறப்பது போல ஒரே கோடாகக் கிழிந்து வெடிக்கும். அடிக்க வேண்டிய காற்றில் 80 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும்போது ஓடின டயர் என்றால் வண்டியிலேயே வைத்துக் காற்றடிக்காதீர்கள். முழுக்க இறக்கி, கழற்றி, உள்பக்கம் தடவிப் பார்த்து, அப்புறம் கூண்டுக்குள் வைத்து ஏற்றுங்கள். ஏறும்போது "பட் பட்" என்று சின்னச் சத்தம் கேட்டால் கிட்டே போகாமல் நின்ற இடத்திலிருந்தே காற்றை இறக்குங்கள், அந்த டயரின் ஆயுசு முடிந்துவிட்டது.

ஜோடி டயரில் நட்டைத் தொடுவதற்கு முன்னால் உள் டயர், வெளி டயர் இரண்டிலும் காற்றை இறக்கிவிடுங்கள். விரிசல் விட்ட டிஸ்க்கை அந்த நட்டுகள்தான் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஊசியைக் கழற்றியதும் "புஸ்" அடங்கிவிட்டதே என்று நம்பிவிடாமல் வால்வுக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள், சேறு அடைத்திருக்கும். டயரோடு இருக்கும் டிஸ்க்கில் வெல்டிங் வேண்டவே வேண்டாம், காற்றே இல்லாவிட்டாலும் உள்ளே ரப்பர் சூடேறி ஆவி கிளம்பி வெடிக்கும். பெட்ரோல் ஊற்றித் தீக்குச்சி கிழித்து டயர் ஓரத்தை டிஸ்க்கில் உட்கார வைக்கும் வீடியோக்களைப் பற்றிப் பேசக்கூட எனக்கு இஷ்டமில்லை.

கார் டயர் 40 பி.எஸ்.ஐ. வரைக்கும் உட்காரவில்லையா, மேலே ஏற்றாதீர்கள். இறக்கிவிட்டுச் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடியுங்கள், விரலை ஓரத்தில் வைக்காமல்.

ஆட்டோ, பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் டிஸ்க் இரண்டு பாதியாக வந்து நட்டில் சேர்கிறது. சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட்டு வேறு, இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் நட்டு வேறு. ஸ்டெப்னி மாற்றும் அவசரத்தில் பலர் இரண்டாவதைத்தான் முதலில் திருகுகிறார்கள், முகத்தை அதற்கு நேரே வைத்துக்கொண்டு. எது எது என்று தெரியவில்லையா, முதலில் ஊசியைக் கழற்றிக் காற்றை விடுங்கள், அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.