விதையை எழுப்பிவிட்டு வேரை முடக்கும் செடி

பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம் போடும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆப்பிரிக்காவில் வயலைச் சுற்றி நேப்பியர் புல்லும், ஊடே ஏதோ ஒரு பயறுவகைச் செடியும் போட்டுப் படைப்புழுவை அடக்கியிருக்கிறார்களாமே, உண்மையா? நம் ஊரில் எடுபடுமா?"

2018-ல் படைப்புழு நம் மக்காச்சோளக் காடுகளில் அடித்த அடியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் அவசரம் புரியும். ஆனால் அந்த முறை படைப்புழுவுக்காக உருவானதல்ல. அதற்குள் படைப்புழுவை விடச் சுவாரசியமான ஒரு கதை இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கென்யாவின் மேற்கே, விக்டோரியா ஏரிக்கரையில் ம்பிட்டா என்ற ஊர். கென்ய விஞ்ஞானி தாமஸ் ஒடியாம்போ 1970-ல் தொடங்கிய இசிப்பே என்ற பூச்சி ஆய்வு மையத்துக்கு அங்கே ஒரு பண்ணை உண்டு. 1990-களில் இந்தியாவைச் சேர்ந்த ஜெயாவுர் கானும், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜான் பிக்கெட்டும், கென்ய அரசின் வேளாண் ஆய்வாளர்களும் சேர்ந்து தண்டுத்துளைப்பானைப் பூச்சிமருந்து இல்லாமல் கட்டுப்படுத்த வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே சேதம் செய்யும் தண்டுத்துளைப்பான்களில் ஒன்று நம் சோளத்திலும் மக்காச்சோளத்திலும் நடுக்குருத்தைக் காயவைக்கும் அதே கைலோ பார்ட்டெல்லஸ்தான். ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த பூச்சி அது.

அவர்கள் கண்ட வழிக்குத் 'தள்ளு-இழு' என்று பெயர். வயல் ஓரத்தில் நேப்பியர் புல். தாய் அந்துப்பூச்சி மக்காச்சோளத்தை விட்டு அதில் முட்டையிடும். பொரித்த புழு தண்டைத் துளைக்கும்போது கசியும் பிசினில் மாட்டிச் சாகும். மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே டெஸ்மோடியம் என்ற தென்னமெரிக்கப் பயறுவகைத் தீவனச் செடி. அதன் வாசனை அந்துப்பூச்சியை விரட்டும் என்பது கணக்கு.

டெஸ்மோடியம் போட்ட பாத்திகளில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அந்தப் பகுதியையே பட்டினி போட்டுவந்த ஒரு களை அங்கே ஏறக்குறையக் காணாமல் போனது.

அந்தக் களை ஸ்ட்ரைகா. இதன் சின்ன உறவுக்காரி ஒன்றை நம் சோள, கரும்பு விவசாயிகள் சுடுமல்லி என்பார்கள். ஆப்பிரிக்க ஸ்ட்ரைகா ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூக்கும், பார்க்க அழகான செடி. தன் வேரை மக்காச்சோள வேருக்குள் செருகி நீரையும் சத்தையும் உறிஞ்சும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே பயிர் வாடிச் சுருளும். தலை வெளியே தெரியும்போது பெரும் சேதம் முடிந்திருக்கும், அதற்குப் பிறகு பிடுங்கியும் அந்தப் போகத்துக்குப் பயனில்லை. ஆங்கிலத்தில் இதற்குச் சூனியக்காரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். காரணம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்கடியில் இருந்தால் செய்வினை என்று நினைப்பது எங்கும் நடப்பதுதான். நம் ஊரில் வயலில் நிற்கும் திருஷ்டி பொம்மையால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பயிர் கருகும்போது மண்ணைத் தோண்டி வேரைப் பார்க்காமல் கழிப்புக் கழிக்கப் பணம் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு மனசு ஆறாது.

ஸ்ட்ரைகாவின் விதை 0.3 மில்லிமீட்டர்தான். ஒரு செடி 50,000 விதைக்கு மேல் உதிர்க்கும். பத்து வருடத்துக்கு மேல் மண்ணில் உயிரோடு கிடக்கும். அத்தனை சிறிய விதையில் சேமிப்பு கொஞ்சம்தான், முளைத்தால் சில நாட்களுக்குள் ஒரு வேரைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு. ஆகவே ஈரமும் வெப்பமும் கிடைத்த பிறகும் அது முளைக்காது. பக்கத்தில் உயிருள்ள வேர் ஒன்று வந்துவிட்டது என்ற தகவலுக்காகக் காத்திருக்கும்.

அந்தத் தகவலைக் கொடுப்பது மக்காச்சோளமேதான். அதன் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. இந்த வகையின் முதல் பொருள் 1966-லேயே பருத்தி வேரிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. எதிரியை எழுப்பிவிடும் பொருளை ஒரு செடி ஏன் சுரக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க 2005 வரை ஆனது. ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: அது வேர்ப்பூஞ்சைக்கு விடும் அழைப்பு. மணிச்சத்து குறைந்த மண்ணில் செடி பூஞ்சையைக் கூப்பிடுகிறது, பூஞ்சை தூரத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுப் பழக்கம். அந்த அழைப்பைத்தான் ஸ்ட்ரைகா விதை ஒட்டுக்கேட்கிறது.

இந்தப் பொருள் மண்ணில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதனால் வேரை விட்டுச் சற்றுத் தள்ளிப்போனாலே தடயம் இருக்காது. விதைக்கு அது எட்டுகிறது என்றாலே வேர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். இந்தப் பொருளை உணர விதைக்குள் இருக்கும் ஏற்பிகளில் ஒன்று எவ்வளவு கூர்மையானது என்றால், ஒலிம்பிக் நீச்சல் குளத்து நீரில் ஒரே ஒரு மில்லிகிராமைக் கரைத்த அளவுச் செறிவே அதற்குப் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள்: மண் எவ்வளவு ஏழையோ அவ்வளவு அதிகமாகச் செடி அழைக்கும், அவ்வளவு அதிகமாக ஸ்ட்ரைகா எழும். உரம் வாங்க முடியாதவர் வயலிலேயே இந்தக் களை கொழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி டெஸ்மோடியத்துக்கு வருவோம். அது ஸ்ட்ரைகாவை எப்படி அடக்குகிறது? படர்ந்து நிழல் கொடுப்பதாலா, மண்ணில் சேர்க்கும் தழைச்சத்தாலா? நிழலையும் தழைச்சத்தையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் பலன் இருந்தது, ஆனால் டெஸ்மோடியம் செய்ததை அவை விளக்கவில்லை. தட்டைப்பயறு, சோயா, சணப்பையும் அந்த அளவுக்கு உதவவில்லை. பிறகு ஒரு அருமையான சோதனை செய்தார்கள். டெஸ்மோடியம் வளரும் தொட்டி வழியாக நீரை வடியவிட்டு, ஸ்ட்ரைகா விதை கலந்த மண்ணில் நிற்கும் மக்காச்சோளத்துக்கு அந்த நீரை மட்டும் ஊற்றினார்கள். பக்கத்தில் டெஸ்மோடியம் செடியே இல்லை. அப்படியும் ஸ்ட்ரைகா அடங்கியது.

வேர்க்கசிவைப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு வகைப் பொருள்கள் கிடைத்தன. அன்சினனோன் பி என்பது ஸ்ட்ரைகா விதையை முளைக்க வைக்கிறது. ஐசோஷாஃப்டோசைடு போன்ற மற்றவை முளைத்த பிஞ்சு வேரை நீளவிடாமல் முடக்குகின்றன. எழுப்பிவிடுவதும் அதே செடி, எழுந்ததைப் பட்டினி போடுவதும் அதே செடி. பத்து வருடம் படுத்துக் கிடக்கும் விதைக்கு இதுவே சரியான மருந்து, ஏனென்றால் முளைக்காமல் தடுத்தால் விதை அடுத்த ஆண்டுக்குத் தப்பிவிடும். முளைக்கவைத்துக் கொன்றால் மண்ணில் இருக்கும் கையிருப்பே கரைகிறது. அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1956-ல் தலைகாட்டிய ஸ்ட்ரைகாவை ஒழிக்கப் பிற்பாடு மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தி இதே வேலையைத்தான் செய்தார்கள். வாழைப்பழம் பழுக்கவைக்கும் அதே எத்திலீன். அதற்கு இயந்திரமும் பெரும் அரசுப் பணமும் வேண்டியிருந்தது. கென்ய விவசாயிக்கு ஒரு தீவனச் செடி அதைச் செய்கிறது, மாட்டுக்கும் வயிறு நிறைகிறது.

ஆய்வு நிலையத்தில் வென்றது குடியானவர் வயலில் வெல்ல வேண்டுமே. விவசாயிகளின் நிலத்திலேயே, தள்ளு-இழு பாத்திக்குப் பக்கத்தில் வெறும் மக்காச்சோளப் பாத்தி ஒன்றும் போட்டார்கள். பாத்திக்கு 100 செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் அடியைச் சுற்றி 15 சென்டிமீட்டருக்குள் எத்தனை ஸ்ட்ரைகா தலைகாட்டியிருக்கிறது என்று குனிந்து குனிந்து எண்ணுவார்கள். போகத்துக்குப் போகம் இதே வேலை. ஹெக்டேருக்கு ஒரு டன் கூடக் காணாத இடங்களில் மூன்று, மூன்றரை டன் வரை விளைந்தது.

இவ்வளவும் செய்து முடிக்கப் பல ஆண்டு பொறுமையான பணம் வேண்டியிருந்தது, இங்கிலாந்தின் காட்ஸ்பி அறக்கட்டளை போன்றவர்கள் கொடுத்தார்கள். இந்த முறையில் புட்டியில் அடைத்து விற்கும் பொருள் ஒன்றும் கிடையாது, ஆகவே கம்பெனி பணம் இதற்கு வராது. இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு அரசுப் பணம்தான் போக வேண்டும். மூன்று வருடத் திட்டம், மூன்றாம் வருட முடிவில் அறிக்கை என்ற நம் நடைமுறையில் பத்து வருட விதையை எப்படி ஆராய்வது?

இப்போது வாசகரின் கேள்வி. படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவில் நுழைந்தது. வறட்சி தாங்கும் வேறொரு டெஸ்மோடியமும், நேப்பியருக்குப் பதில் பிராக்கியேரியா புல்லும் போட்ட கிழக்கு ஆப்பிரிக்க வயல்களில், செடிக்கு இருந்த புழு எண்ணிக்கை 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2018-ல் அறிவித்தார்கள். ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஆனால் எப்படிக் குறைகிறது என்பதில் சண்டை ஓயவில்லை. வாசனை விரட்டுவதெல்லாம் பெரிதில்லை, டெஸ்மோடியம் இலையிலுள்ள கொக்கி மயிர்கள்தான் புழுவைக் குத்திப் பிடித்துக் கொல்கின்றன என்று 2024-ல் ஒரு குழு வாதிட்டது.

ஓரத்தில் நேப்பியர் மட்டும் நட்டுவிட்டு எதிர்பார்க்காதீர்கள், நடுவில் டெஸ்மோடியம் இல்லாமல் அது பாதி முறைதான். நம் ஆட்டுத் தீவன வேலிமசால் வேறு செடி, அதை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். டெஸ்மோடியம் விதை கிடைத்தால் முதலில் கால் ஏக்கரில் போடுங்கள். பக்கத்துக் கால் ஏக்கரில் அதே ரகம், அதே நாள் விதைப்பு, டெஸ்மோடியமும் ஓரப்புல்லும் இல்லாமல். இரண்டிலும் குருத்தில் புழு உள்ள செடிகளை வாரம் ஒருமுறை எண்ணி எழுதிவையுங்கள்.