ஆளோ, நாயோ: லைகாந்த்ரோபி என்ற சொல்

தம்பி இருபது முகப் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. ஊஞ்சலில் இருந்த அப்பத்தா, "தாயம்டா!" என்று கைதட்டினார். தாயக்கட்டத்தில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டராகிக் கூடிக் கதை சொல்லும் பகடை ஆட்டம். அதில் ஒன்று விழுந்தால் கதை கந்தல். அவனுடைய கேரக்டரை ஓநாய் உருவில் வந்த ஒருவன் கடித்திருந்தான். உடல் வலுவுக்கான கூட்டலையும் சேர்த்து 12 வந்திருந்தால் தப்பியிருக்கலாம்.

"அவனுக்கு லைகாந்த்ரோபி வந்திருச்சு அப்பத்தா" என்றேன்.

"அது என்ன காய்ச்சல்?" என்றார்.

கேள்வி ஒன்றும் தவறில்லை. கிரேக்கத்தில் லூக்கோஸ் என்றால் ஓநாய், ஆந்த்ரோப்பொஸ் என்றால் மனிதன். இரண்டும் சேர்ந்ததுதான் லைகாந்த்ரோபி. பழைய கிரேக்க மருத்துவர்கள் இதை நோய்க் கணக்கில்தான் வைத்தார்கள்: தன்னை ஓநாயாக நினைத்துக்கொண்டு இரவில் அலைபவனுக்கு வந்த மனநோய். இன்றைய மனநல மருத்துவத்திலும், தான் விலங்காக மாறிவிட்டதாக ஒருவர் நம்பும் அரிய நிலைக்கு இதே பெயர் உண்டு. அந்தப் பொருளுக்கு 'ஓநாய் மருட்சி' என்று சொல்லலாம். அங்கே உடல் மாறுவதில்லை, மருள்வது மனம் மட்டும்.

புராணத்தில் உடலே மாறுகிறது. ஆர்க்கேடியாவின் அரசன் லைக்கேயோன் தெய்வத்துக்கே மனித மாமிசம் பரிமாற, சியூஸ் அவனை ஓநாயாக்கிவிட்டார். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட இந்த ஆட்டம் எடுத்துக்கொண்டது இந்தப் புராணப் பொருளைத்தான். எடுத்ததோடு விடாமல் சொல்லை நீட்டியும் விட்டார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஓநாய், எலி, பன்றி, புலி, கரடி ஆகிய ஐந்துக்கும் லைகாந்த்ரோப் என்றே பெயர். எலியாக மாறுகிறவனை ஓநாய்க்காரன் என்று அழைப்பது கிரேக்கனுக்கே வேடிக்கையாக இருக்கும். எந்த விலங்குக்கும் பொருந்துகிற சரியான கிரேக்கச் சொல் தெரியாந்த்ரோபி. காதில் 'தெரியாது' மாதிரி விழுவதால் எங்கள் வளவில் அது எடுபடவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'ஓநாய் மனிதன்' பலரும் எழுதுவதுதான், புரியவும் புரியும். ஆனால் 'குள்ளநரி மனுசன்' என்பதுபோல அது குணத்தையும் குறித்துவிடும். 'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' என்றான் ஒரு நண்பன். அது வேறு வித்தை. அங்கே உயிர் இன்னொரு உடலுக்குப் போகிறது, இங்கே உயிர் எங்கும் போவதில்லை, உடலே திரிகிறது. புலிக்கால் முனிவரையும் நினைத்துப் பார்த்தேன். வண்டு தொடுமுன் பூப் பறிக்க மரம் ஏற வேண்டி, தானே கேட்டு வாங்கிய கால்கள் அவை. அது வரம், சாபம் அல்ல. மாணிக்கவாசகர் கதையில் பரியான நரிகள் இரவானதும் பழையபடி நரியாகி, லாயத்துக் குதிரைகளைக் கடித்துவைத்தன. இரவு, கடி, ஊளை என்று எல்லாம் ஒத்துவருகிறது. ஆனால் அதில் மனிதன் இல்லை.

எனக்கு விடை கிடைத்தது திருமங்கையாழ்வாரிடம். நரசிங்கத்தை அவர் 'ஆளரி' என்கிறார். ஆள் என்றால் மனிதன், அரி என்றால் சிங்கம். ஆங்கிலத்தின் வேர்வுல்ஃப் என்ற சொல்லும் இதே அச்சில் வார்த்ததுதான். பழைய ஆங்கிலத்தில் 'வேர்' என்றால் ஆண்மகன், 'வுல்ஃப்' என்றால் ஓநாய். அந்த 'வேர்' என்பதும், நாம் வீரன் என்று சொல்கிறோமே அதன் வடமொழி மூலமான 'வீர' என்பதும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை. ஆக, ஆளரியை அச்சாக வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது: ஆளோநாய், ஆளெலி, ஆட்பன்றி, ஆட்புலி, ஆட்கரடி. ஐந்துக்கும் புணர்ச்சி இலக்கணமே வழிவிடுகிறது. லைகாந்த்ரோபி என்ற நிலைக்கு 'ஆள்விலங்குச் சாபம்'. ஆளோநாய் என்று சொன்னதும் தம்பி, "ஆளோ நாயோன்னு சந்தேகமாக் கேக்குற மாதிரி இருக்கு" என்றான். கடி வாங்கியவனின் கவலையே அதுதானே.

ஆள் என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஆளுதல், ஆட்கொள்ளுதல். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான இரணியூரில் சுவாமியின் பெயர் ஆட்கொண்டநாதர். இரணியனைக் கொன்ற தோஷம் நீங்க நரசிங்கம் அங்கே வந்து சிவனை வழிபட்டது என்பது தலபுராணம். ஆளரி வந்து ஆட்பட்ட இடம். சின்ன வயதிலிருந்து கும்பிட்ட கோயில்தான், ஆனால் அந்தப் பெயரை இப்படிப் பிரித்துப் பார்த்தது இந்தப் பாழாய்ப்போன பகடை ஆட்டத்தால்தான்.

ஆட்டத்தில் வரும் சண்டையும் இதைப் பற்றியதே: கடிபட்ட கேரக்டரை ஆள்வது யார்? 2014 விதிப்படி, சாபத்தை எதிர்த்து நிற்பவன் மனித உருவில் பழைய குணத்தோடு இருப்பான், பௌர்ணமி வந்தால் தாங்க மாட்டான். சாபத்தை ஏற்றுக்கொண்டால் விலங்கின் குணம் அவனுடையதாகிவிடும். ஆளோநாய் என்றால் கொடியவன், ஆட்கரடி என்றால் நல்லவன். (கரடியிடம் கடிபட்டால் நல்லவனாகலாம் என்பது எனக்கு இன்னும் சிரிப்புத்தான்.) குணம் கெட்டுப்போன கேரக்டரைச் சாபம் நீங்கும்வரை ஆட்டத்தை நடத்தும் டிஎம் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதி இடம் கொடுக்கிறது. 2025இல் வந்த புதிய விலங்குக் கையேட்டில், ஆளோநாய்ச் சாபம் பட்டவனின் உயிர்ப்புள்ளி பூச்சியமானால் அவன் ஓநாயாகி டிஎம் கைக்குப் போய்விடுகிறான்.

எங்கள் ஆட்டத்தில் டிஎம் நான்தான். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். ஒரு நண்பனின் கேரக்டர் விவரத் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் பட்டாலையில் உட்கார்ந்து சீடை தின்றுகொண்டே போனைப் பார்த்தான், மூன்றாவது வாரம் வரவில்லை. தப்பு என்னுடையது. இப்போது கேரக்டரை ஆட்கொள்வது சாபம், ஆனால் ஆடுகிறவனை யாரும் ஆட்கொள்வதில்லை. பௌர்ணமி இரவிலும் பகடை அவன் கையில்தான். நான் சொல்வது இவ்வளவே: "உனக்குப் பசி. பக்கத்தில் தூங்குகிறவர்களில் யாருடைய வாசனை உனக்கு முதலில் வருகிறது?" மற்றவர்களிடமும் முன்பே கேட்டுவிடுவேன், கூட்டாளியே கடிக்க வந்தால் சம்மதமா என்று. ஒருவர் தலையாட்டாவிட்டாலும் அந்தக் கதை வேண்டாம்.

பௌர்ணமிக்குத் தினசரி காலண்டர் இருக்கிறது. ஆட்டத்தின் ஒரு நாளுக்குச் சுவரில் ஒரு தாள் கிழியும். பௌர்ணமி அச்சிட்ட தாள் நெருங்க நெருங்கத் தம்பியின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் பலம். 2014 விதியில் ஆளோநாயை வெள்ளி பூசாத, மந்திரமில்லாத ஆயுதம் காயப்படுத்தாது. ஒரு வாளுக்கு வெள்ளி பூச 100 பொற்காசு. தொடக்க நிலை எதிரிகளுக்கு அதற்கு வழி கிடையாது, ஆகவே கடிபட்டவன் ஒருவனே எல்லாரையும் அடித்து முடிப்பான், மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள். நான் அந்தக் காப்பைப் பாதியாக்கிவிட்டேன்: அடி விழும், பாதிதான் வலிக்கும். புதிய கையேடு அதையும் எடுத்தேவிட்டது. இன்னொரு பக்கம், பூசாரி கேரக்டர் ஐந்தாம் படிக்கு வந்தால் சாபம் நீக்கும் மந்திரம் கைக்கு வந்துவிடும், கடித்த மறுநாளே கதை தீர்ந்துவிடும். அந்த மந்திரம் கடித்தவன் இறந்த பிறகுதான் பலிக்கும் என்று வைத்துக்கொண்டேன். விதிப்புத்தகத்தில் இப்படி இல்லை, எங்கள் வீட்டு வழக்கம்.

இத்தனையும் கேட்டு முடித்த அப்பத்தா, "அப்ப சாமி வந்த மாதிரின்னு சொல்லு" என்றார். "விடிஞ்சா மலையேறிருவானா?"

சாமி இறங்கிப்போவதை மலையேறுதல் என்போமே, அதுதான். உரு கலைவதற்கு நான் தேடிய சொல் அது. இப்போது எங்கள் ஆட்டத்தில் ஓநாய் திரும்ப மனிதனானால், "மலையேறிட்டான்" என்றுதான் சொல்கிறோம்.

"ஏறிருவான் அப்பத்தா. அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் வரும்."

"அதுக்குள்ள பிள்ளைக்கு ஒரு வெள்ளிக் காப்பு போட்டு விடுங்கடா" என்று சொல்லிவிட்டு அவர் உள்கட்டுக்கு எழுந்து போனார். தம்பி என்னைப் பார்த்தான். வெள்ளிதான் அவனுக்கு ஆகாது என்பதை அப்பத்தாவிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.