பிளைவுட்டா, எம்டிஎஃப்பா? முதலில் எத்தனை வருஷம் என்று கேளுங்க

கிச்சன், வார்ட்ரோப் வேலை பேச வருகிறவர்களில் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "எது போட்டா சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் கம்மிங்க? பிளைவுட்ன்னா மரம் வெட்டணும், எம்டிஎஃப் தூள்லதானே செய்யறாங்க?" கேட்பதே சந்தோஷம்தான். பிளைவுட் என்றால் மெல்லிய மரத் தோல்களை அடுக்கி ஒட்டிய பலகை, எம்டிஎஃப் என்றால் மர நாரைப் பசையோடு அழுத்திய பலகை. ஆனால் கேள்வி மரத்தோடு நின்றுவிடுகிறது. ஒரு ஷீட்டின் கணக்கில் மரம் ஒரு பங்குதான். அதை ஒட்டிய பசை, காய வைத்த உலை, ஏற்றி வந்த லாரி, உங்கள் வீட்டில் அது தாங்கிய வருஷம், கடைசியில் அது போய்ச் சேரும் இடம் எல்லாம் சேர்ந்துதான் முழுக் கணக்கு. சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டு உள்வேலை எடுத்துச் செய்கிறவன் என்ற முறையில், இதில் நான் கண்ணால் பார்ப்பதையும் படித்துத் தெரிந்ததையும் எழுதுகிறேன்.

முதலில் மரம். ஏற்காடு காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கைப் பார்த்திருப்பீர்கள், மேலே மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம். காபி விலை இறங்கினாலோ, வீட்டில் கல்யாணம், படிப்புச் செலவு என்று வந்தாலோ, தோட்டக்காரர் கை வைப்பது இதில்தான். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் தடி லாரி எங்கே போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பிளைவுட் மில்லுக்கு என்பார்கள். கீழே சமவெளியில் மலைவேம்பு. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி இதை விவசாயிகளிடம் நிறையவே பரப்பியது, 6, 7 வருஷத்தில் பிளைவுட்டுக்கு வெட்டலாம் என்று நம் பக்கத்திலும் நட்டிருக்கிறார்கள். 1996 டிசம்பரில் கோதவர்மன் என்பவர் தொடுத்த காடு பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதும், உரிமம் இல்லாமல் மரமில் நடத்துவதும் இறுகிவிட்டன. அதனால் இன்று நம்மூர் ஷீட்டின் உள்மரம் பெரும்பாலும் யாரோ நட்டு வளர்த்தது. கேரளாவின் பெரும்பாவூர் என்றால் ரப்பர் மரம், ஹரியானாவின் யமுனாநகர் என்றால் பாப்லரும் யூகலிப்டஸும். "பிளைவுட் வாங்கினால் காடு அழியும்" என்று சொல்வது உள்மரத்தைப் பொறுத்தவரை பாதிதான் சரி.

மீதிப் பாதி மேல்தோலில் இருக்கிறது. ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒட்டும் அந்தச் செந்நிற மெல்லிய தோல், அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, நல்ல பிளைவுட்டில் அது ரொம்ப நாளாக பர்மாவின் குர்ஜன் மரமாக இருந்தது. 2014 ஏப்ரலில் மியான்மர் தடி ஏற்றுமதியை நிறுத்தியதும் கம்பெனிகள் லாவோஸுக்கும் ஆப்பிரிக்காவின் காபோனுக்கும் போயின. இவை தோட்ட மரம் இல்லை, பெரும்பாலும் வெப்பமண்டலக் காட்டு மரம். வேடிக்கை என்னவென்றால் அந்தத் தோலின் மேல் மைக்கா என்கிற லேமினேட் தாளை ஒட்டி ஒரேயடியாக மறைத்துவிடுகிறோம். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்காகக் காபோன் வரை போக வேண்டியதில்லை. "மைக்காதானே ஒட்டப்போறோம், தோட்ட மரத் தோல் போட்ட ஷீட் இருக்கா?" என்று கடையில் கேட்டுப் பாருங்கள், இருக்கிறது, விலையும் சில சமயம் குறைவு.

அப்புறம் ஃபேக்டரி. பிளைவுட்டுக்குத் தடியைச் சுழற்றி பேப்பர் மாதிரி உரிப்பார்கள், காய வைப்பார்கள், பசை தடவி அடுக்கிச் சூட்டில் அழுத்துவார்கள். இதில் சூட்டைத் தின்பது காய வைக்கும் கட்டம்தான். நல்ல விஷயம், பெரும்பாலான மில்கள் தங்கள் கழிவுத் துண்டையும் பட்டையையுமே பாய்லரில் எரிக்கின்றன. எம்டிஎஃப் வேறு ரகம். கட்டையைச் சில்லுகளாக்கி ஆவியில் வேகவைத்து, இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நார் நாராக அரைத்து, பசை தெளித்து, சூடான காற்றில் காய வைத்து அழுத்துகிறார்கள். அரைக்கிற மோட்டாருக்கு ஏகப்பட்ட கரண்ட் வேண்டும். ஆனால் பிளைவுட்டுக்கு ஆகாத கிளை, சிம்பு, கோணல் கட்டை எல்லாம் இதில் உபயோகமாகிவிடும். பிளைவுட்டில் தடியின் பாதிக்குச் சற்று மேல்தான் ஷீட்டாகும். ஆக "தூள்ல செய்யறதுதானே" என்று கேட்கிறவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, முழு நியாயம் இல்லை.

பசைக்கு வருகிறேன், என் கணக்கில் வில்லன் இதுதான். எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு (மரச் சிம்பைப் பசையோடு அழுத்திய பலகை) எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. யூரியா அம்மோனியாவில் இருந்து வருகிறது, ஃபார்மால்டிஹைடு மெத்தனாலில் இருந்து வருகிறது, இரண்டுக்கும் மூலம் பெரும்பாலும் இயற்கை எரிவாயு, சில நாடுகளில் நிலக்கரி. எடையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் போர்டு செய்வதில் செலவாகும் எரிவாயு, நிலக்கரி வகை ஆற்றலில் அதன் பங்கு அதைவிட எவ்வளவோ பெரிது. அதோடு போகவில்லை. இந்தப் பசைக்கு ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆகாது, பிணைப்பு மெல்ல அவிழ்ந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளியே வரும். புது ஷீட் அடுக்கிய குடோனுக்குள் சித்திரை வெயிலில் போய் நின்று பாருங்கள், கண் எரிந்து தண்ணீர் வரும். அதே வாயுதான் நீங்கள் துணி வைக்கும் வார்ட்ரோப்புக்குள்ளும், பூட்டியே வைத்திருக்கும் புதுவீட்டுப் பெட்ரூமிலும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்ற முதல் பிரிவில் வைத்தது. வீட்டுக்குள் காற்றில் அரைமணி நேர சராசரி ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பயமுறுத்த இதை எழுதவில்லை. வாயு அதிகம் வருவது முதல் சில மாதங்களில்தான், பிறகு படிப்படியாகக் குறையும். அதனால் வேலை முடிந்த கையோடு கிரகப்பிரவேசம் வைத்து, அன்றைக்கே ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திப் படுக்காதீர்கள். கதவு, டிராயர் எல்லாம் திறந்து போட்டு, காற்று போக விட்டு, சில வாரம் கழித்துக் குடியேறினால் நல்லது.

இன்னொன்று, ஷீட்டின் எல்லாப் பக்கமும் மூடியிருக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி, உள்பக்கத்தையும் சுவரைப் பார்த்த பின்பக்கத்தையும் பச்சையாக விட்டுவிடுவது நம்மூரில் சகஜம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று. வாயு வெளியே வருவதும் அங்கேதான், ஈரம் உள்ளே போவதும் அங்கேதான். கீல் வைக்கக் குடையும் குழி, வயர் போகப் போட்ட ஓட்டை எல்லாம் இதில் சேர்த்தி. ஃபார்மால்டிஹைடு வாயு எவ்வளவு வரலாம் என்பதற்கான தர அளவு "ஈ1", அதைவிடக் கட்டுப்பாடானது "ஈ0". கடையில் இப்படிச் சொன்னால் வாயில் சொன்னது போதாது, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பீனால் பசை போட்ட பிளைவுட்டில் வாயு ரொம்பக் குறைவு, பசைக்கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும்.

வெட்டுகிறவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மரத்தூளும் அந்தப் புற்றுநோய் ஆய்வு முகமையின் அதே முதல் பிரிவில் இருக்கிறது. கதவு சாத்திய பெட்ரூமுக்குள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எம்டிஎஃப் அறுக்கிற பையன்களைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தூள் மாவைவிட நைஸ், துண்டு அதைத் தடுக்காது. வெளியில் பட்டறையில் தூள் உறிஞ்சும் மெஷினில் வெட்டிக் கொண்டுவந்து வீட்டில் பூட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் கூலிதான்.

இப்போது முக்கியமான விஷயம். மரம் வளரும்போது காற்றில் இருந்து கரியமில வாயுவை எடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்கிறது, உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கார்பன்தான். எட்டுக்கு நாலு, 18 மில்லி எம்டிஎஃப் ஷீட் ஒன்று கிட்டத்தட்ட 40 கிலோ. பசையும் ஈரமும் போக மரம் 33 கிலோ என்று வைத்தால், அது பிடித்து வைத்திருப்பது 60 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். கம்பெனி விளம்பரங்கள் "எங்கள் போர்டு பூமியைக் காக்கிறது" என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். சொல்லாமல் விடுவது, அந்த 60 கிலோ ஷீட் உயிரோடு இருக்கும்வரைக்கும்தான் உள்ளே இருக்கும் என்பதை. மலைவேம்பு மறுபடி வளர 6, 7 வருஷம், சில்வர் ஓக்குக்கு அதைவிட ரொம்ப நாள். உங்கள் கிச்சன் அஞ்சாம் வருஷமே ஊதிப்போய் எரிக்கப் போனால், வெட்டின மரம் திரும்ப வளர்வதற்குள் அடுத்த மரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பசை, கரண்ட், லாரி டீசல் எல்லாம் தலையில் இருந்து மறுபடி. அதே கிச்சன் இருபது வருஷம் ஓடினால், எந்தப் போர்டு என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியவே தெரியாது.

நான் பிரிக்கும் கிச்சன்களில் முக்கால்வாசிக்கு மேல் சாவது ஒரே இடத்தில், சிங்க்குக்குக் கீழே. கதவைத் திறந்தால் ஒரு புளித்த வாசனை. அடிப்பலகை பார்ட்டிகிள் போர்டு என்றால், குழாய் சொட்டின பக்கம் விளிம்பு இரண்டு மடங்கு தடித்திருக்கும், விளிம்பில் ஒட்டிய பட்டை, அதாவது எட்ஜ் பேண்ட், பிரிந்து நாக்கு மாதிரி தொங்கும், விரலால் கிள்ளினால் உதிரி உதிரியாகக் கையோடு வரும், ஸ்க்ரூ பிடிக்க அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. மீதி கிச்சன் ஜம்மென்று இருக்கும். ஆனால் ஒரு பெட்டிக்காக முழுசையும் மாற்றுவார்கள், "ஷேடு மேட்ச் ஆகாதுங்க" என்று.

இதற்கு நம் பாட்டி காலத்து வைத்தியம் இருக்கிறது, கடப்பா கல். கீழ்ப்பக்கம் முழுக்க கடப்பாவிலோ ஃபெரோசிமெண்ட் (கம்பி வலை வைத்த சிமெண்ட்) பலகையிலோ தடுப்பு கட்டிவிட்டு, முன்னால் கதவு மட்டும் பிளைவுட்டில் போடுங்கள். ஷீட் செலவு பாதிக்கு வந்துவிடும், தண்ணீர் பட்டாலும் கவலை இல்லை. "மாடர்னா இருக்காதே" என்பார்கள், கதவைச் சாத்தினால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடலாமா என்றும் கேட்கிறார்கள், உருக்காலை இருக்கிற ஊரில் கேட்கத்தானே செய்வார்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் அதைச் செய்ய ஆகும் கரியமில வாயு மரப் போர்டைவிடப் பல மடங்கு. ஆனால் பழசானாலும் காசு கொடுத்து எடுத்துப்போக ஆள் உண்டு. சிங்க் அடிப் பெட்டிக்கு மட்டும் என்றால் நானே ஸ்டீல்தான் சொல்வேன்.

ஏற்காட்டில் வீடு, காட்டேஜ் கட்டுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மழைக்காலம் தொடங்கினால் மாதக்கணக்கில் மூடுபனி, பூட்டிக் கிடக்கும் அறை, காயாத சுவர். சாதாரண எம்டிஎஃப் அங்கே நிற்காது, பின்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும். பிளைவுட் என்றால் ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர அளவில் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ரகம், ஈரம் அதிகம் என்றால் ஐஎஸ் 710. முன்னது 8 மணி நேரம், பின்னது 72 மணி நேரம் கொதிநீரில் பிரியாமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. "710" என்று மேலே அச்சடித்திருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே இருக்கும் சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அந்த உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று காட்டிவிடும். விளிம்பையும் பாருங்கள். நடு அடுக்குகளில் சந்து இருந்தாலோ, சந்தை மரத்தூள் பசையால் பூசி மறைத்திருந்தாலோ அந்த ஷீட்டைத் திருப்பி அனுப்புங்கள். சொந்தத் தோட்டத்துச் சில்வர் ஓக்கைத் தடியாக விற்றுவிட்டு, அது 300 கிலோமீட்டருக்கு மேல் கேரளா போய் ஷீட்டாகி மறுபடி மலையேறி வருவதைவிட, அதையே அறுத்து நன்றாகக் காயவைத்துச் சட்டமும் அலமாரியும் செய்யலாம். காயவைக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் குப்பை. பழைய இரும்புக் கடைக்காரர் மைக்கா ஒட்டின எம்டிஎஃப்பைத் தொடவே மாட்டார். இத்தாலியில் பெரும்பாலும் பழைய மரத்தை நொறுக்கித்தான் பார்ட்டிகிள் போர்டே செய்கிறார்கள், நம் ஊரில் அதற்கென்று தனியாக வாங்கிப்போகும் ஆளை நான் பார்த்ததில்லை. அதனால் அது போவது அடுப்புக்கும் சூளைக்கும்தான். வேலை நடக்கும் இடத்தில் துண்டுகளைக் குவித்து டீ போட எரிப்பதை எத்தனை சைட்டில் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். பசையும், பூச்சி அரிக்காமல் இருக்கக் கலந்த மருந்தும், பிவிசி எட்ஜ் பேண்டும் சேர்ந்து எரியும் புகை அது, பிவிசி எரிந்தால் அமில வாயு வரும், டையாக்ஸின் என்ற கொடிய நச்சும் வரும். விறகு இல்லை அது. பிளைவுட் துண்டு என்றால் யாராவது கேட்டு வாங்கிப்போய் செருப்பு ஸ்டாண்டோ கோழிக்கூண்டோ அடித்துவிடுவார்கள்.

அதனால் நான் இப்போது பெட்டிகளைப் பசையும் ஆணியும் அடித்து மூடுவதில்லை, மினிஃபிக்ஸ் என்ற திருகு இணைப்பு போட்டுக் கழற்றுகிற மாதிரிதான் பூட்டுகிறேன். பழைய வேலையைப் பிரிக்கும்போதும் சுத்தியலால் உடைக்காமல் ஸ்க்ரூ கழற்றி எடுத்தால் பாதிக் கதவும் பலகையும் தேறும், ஸ்டோர் ரூமுக்கோ மாடி ரூமுக்கோ அளவு குறைத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் உடைப்பதைவிட இதற்கு நேரம் ஆகும், கூலியும் கூட. கொட்டேஷனில் 'பிரித்தெடுப்பு' என்று தனி வரியாகவே போடுகிறேன். பாதிப் பேர் முதலில் அடிக்கச் சொல்வது அந்த வரியைத்தான், அப்போது தேறின பலகையில் என்ன செய்யலாம், புதுசில் எத்தனை ஷீட் மிச்சமாகும் என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டுவேன். மிச்சமாகும் ஷீட்டின் விலையைப் பார்த்ததும் அந்த வரி பெரும்பாலும் அப்படியே இருந்துவிடும்.